கல் விழுந்த இடம்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற பெண்கள் என்னிடம் எண்ணெய் வாங்கும்போது இரண்டு கேள்விகள் வைத்திருப்பார்கள். எண்ணெய் சுத்தமா என்பது ஒன்று. அதை வாய்விட்டுக் கேட்பார்கள். மற்றதைக் கேட்க வாய் வராது. என் மாராப்பின் இடது பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்க்காததுபோல அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் திரும்புகிறவர்களை நானே இழுத்து உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுதி வைத்துவிட்டால் இனிமேல் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

என் பெயர் உலகம்மாள். தென்காசியில் தெருவுக்கு நாலு உலகம்மாள் இருப்பார்கள். எண்ணெய்க்கார உலகு என்று சொன்னால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். சாரல் காலத்தில் பேரருவிக்குப் பெண்கள் போகிற வழியில் நல்லெண்ணெய்த் தகரத்தோடு உட்கார்ந்திருப்பேன். கேட்டவர்களுக்குத் தலையிலும் முதுகிலும் தேய்த்தும் விடுவேன். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்கிற பழமொழியைச் சொல்லிச் சொல்லித்தான் என் வியாபாரம் நடந்தது. வைத்தியனிடம் நானே போய் நிற்கப்போகிறேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் ஆறுமுகம், தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். குதிரையோடு பேசுகிற பேச்சில் பாதிகூட என்னோடு பேசமாட்டார். ஒரே மகளைக் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வியாபாரத்தில் எனக்குப் பக்கத்துப் பாய் செண்பகத்துடையது. அவள் அரப்பும் சீயக்காயும் விற்கிறாள். நான் இதை எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். தன்னைப் பற்றி எழுதுவதானால் கொஞ்சம் சிவப்பாக எழுதச் சொல்கிறாள். அவள் நல்ல சிவப்பு என்று எழுதியாகிவிட்டது.

செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அந்த ஐப்பசி மழையில் அருவி செம்மண் கரைசலாக விழுந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் நப்பாசையில் உள்ளே போய் நின்றேன். மேலேயிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கல் வந்து இடது மார்பில் விழுந்தது. அருவியில் கல் விழுவது எங்களுக்குப் புதிதில்லை. வலித்தது, தேய்த்துக்கொண்டேன், மறந்துவிட்டேன். தை மாதம் மஞ்சள் பூசிக் குளிக்கும்போது அதே பக்கம் விரலில் ஒரு கட்டி இடறியது. கல் விழுந்த இடம்தானே, ரத்தம் கட்டியிருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். செண்பகத்திடம் சொன்னதற்கு அவளும் அதையே சொன்னாள். அருவிக்கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். அதைவிடப் பெரிய மருந்து அருவித் தண்ணீர் என்று எங்களுக்கு நினைப்பு. மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் ஊறி வருகிற தண்ணீர், ஒரு கட்டியைக் கரைக்காதா? மாசி, பங்குனியில் நூலாக விழுந்த தண்ணீரைக்கூட விடாமல், கட்டியை அதற்கு நேரே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அருவி கொடுத்ததை அருவியே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொள்வேன். கட்டி கரையவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததால் எனக்குக் கவலையும் இல்லை.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. வருஷந்தோறும் மதுரையிலிருந்து வருகிற டாக்டரம்மா வந்தார். கனத்த உடம்பு. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரை அறுத்துத் தைத்தவர், அருவிக்குள் போக மட்டும் பயப்படுவார். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத் தூறலில் நின்றே குளித்து முடித்துவிடுவார். நான் அதைச் சொல்லிக் கேலி செய்வேன், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அன்றைக்கு அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கூடவே இறங்கி நானும் நனைந்திருந்தேன். அருவியில் நாங்கள் ரவிக்கை போடுவதில்லை, சேலை ஒன்றுதான் சுற்றிக்கொள்வோம். ஈரச் சேலை எதை மறைக்கும்? அவிழ்ந்த கொண்டையை முடிவதற்காக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"உலகம்மா, கையை இறக்கிட்டு இன்னொரு தடவை தூக்கு" என்றார் டாக்டரம்மா. குரலில் விளையாட்டு இல்லை.

தூக்கினேன். இடது மார்பில் ஓரிடத்தில் தோல் குழிந்து உள்ளே போனதை அவர் சொன்ன பிறகுதான் நானும் குனிந்து பார்த்தேன். கையை இறக்கினால் குழி மறைந்தது, தூக்கினால் திரும்ப வந்தது.

"அங்கன கல்லு விழுந்துச்சும்மா. போன ஐப்பசியில."

"வலிக்குதா?"

"வலியே கிடையாதும்மா."

அவர் என் கையைப் பிடித்துச் சேலை மாற்றுகிற மறைவுக்குக் கூட்டிப்போனார். என் கையால் தேய்த்த எண்ணெய் இன்னும் அவர் விரலில் இருந்தது. அந்த விரல்களால் மார்பைச் சுற்றிலும் மெதுவாக அழுத்திப் பார்த்தார், அக்குளிலும் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அடிபட்ட வீக்கம் இத்தனை மாதம் நிற்காது. கல்லால் வந்த கட்டி இல்லை இது. கல் விழுந்ததால் நான் அந்த இடத்தைக் கவனித்தேன், அவ்வளவுதான். கெட்ட கட்டி உள்ளே வேர் பிடித்தால் மேல்தோலைத் தன் பக்கம் இழுக்கும், அதனால்தான் குழி. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். ஒருவேளை வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் துண்டு எடுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

அதற்கு எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை. என் முகமே கேட்டிருக்கும்.

"திருவனந்தபுரத்துல சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கு. ஆபரேஷனும் உண்டு, கரண்டு வைக்கிற மெஷினும் உண்டு. இல்லாதவங்களுக்குக் கட்டணம் கிடையாது" என்றார். "காசு இல்லைன்னு வீட்டுல உட்கார்ந்துடாதே. காசு சேர்கிற வரைக்கும் இது காத்திருக்காது."

பார்த்ததற்கு அவர் பீஸ் கேட்கவில்லை. எண்ணெய்க்கு நான் காசு வேண்டாம் என்றதற்கு மட்டும் என்னைத் திட்டி, கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் குதிரைக்குப் புல் போட்டார். வெகுநேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். உள்ளே வந்து, குதிரையை விற்றுவிடலாம் என்றார். ஆஸ்பத்திரி இலவசமாக இருக்கலாம். ரயிலும் சோறும் அங்கே தங்குவதும் இலவசமா? அதோடு ஜட்கா ஸ்டாண்டில் முறை என்று ஒன்று உண்டு. வண்டிகள் வந்த வரிசையில் நிற்கும், முறை வந்தவன்தான் சவாரி ஏற்றலாம். ஆள் இல்லாவிட்டால் முறை போய்விடும். சாரல் காலத்தில் முறையை விட்டால் வருஷம் முழுக்கக் கஞ்சிக்குத் திண்டாட்டம்தான். குதிரை போனால் பிழைப்பு போச்சு, போகாவிட்டால் நான் போய்ச் சேர்ந்தேன். அவருடைய கணக்கு அதுதான்.

இந்தச் செய்தி ஸ்டாண்டுக்குப் போனதும் மறுநாள் காலையில் காதர் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரும் ஜட்காக்காரர்தான். முறைச் சண்டையில் இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத வருஷம் கிடையாது.

"குதிரைய வித்துப்போட்டுத் திரும்பி வந்து எதை ஓட்டுவீரு?" என்றார். "வண்டியும் குதிரையும் இங்கனயே நிக்கட்டும். உம்ம முறை வந்தா எங்கள்ல ஒருத்தன் ஓட்டுதோம். காசு உம்ம வீட்டுக்கு வரும். முறை முறைதான் வே."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஏழு கடலைத் தாண்டி உறவு தேடுகிறோம், அது எதிர் வரிசையில் சாட்டையோடு நின்றுகொண்டிருக்கிறது.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் சிபாரிசு இல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்று யாரோ என் வீட்டுக்காரர் காதில் ஓதிவிட்டார்கள். இலஞ்சிப் பண்ணையார் வீட்டுக்கு நடந்தார். அவர் திருச்செந்தூர் போயிருந்தார். கவுன்சிலர் வீட்டுக்கு நடந்தார், அவருக்கு மலையாள தேசத்தில் யாரையும் தெரியவில்லை. இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ரயில்வே கான்ட்ராக்டர் ஒருவர், முன்பின் தெரியாத யாருக்கோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டார். இந்தக் கூத்துக்குள் ஆடியே பிறந்துவிட்டது.

பெண்கள் வார்டில் ஆண்பிள்ளை தங்க முடியாது. மகள் நிறைமாதக் கர்ப்பிணி. கீழப்பாவூர் நரசிம்மர் கோவில் துளசியைக் கொடுத்தனுப்பத்தான் அவளால் முடிந்தது. துணைக்கு வந்தது என் அண்ணன் பெண்டாட்டி பேச்சி மைனி. இலஞ்சியைவிட்டு வெளியே போகாதவள். அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை, தூக்கத்திலும் பேசுவாள். இவளோடு ஆஸ்பத்திரியில் இருப்பதற்குப் பதில் நோயோடு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நான் சொன்னதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

செங்கோட்டை தாண்டிப் புளியறைப் பக்கம் வந்ததும் ரயில் மலை ஏறத் தொடங்கியது. குகைக்குள் வண்டி நுழைந்து இருட்டானபோது மைனி என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டாள். நோய்க்காரி நான், அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா என்னைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் குகைக்குள்தான் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் விடிவதற்கு முன்பே வரிசை. சீட்டுக் கொடுக்கிறவர் பெயர், வயது, ஊர், வருமானம் கேட்டார். ஜட்கா ஓட்டுகிறவர் என்றதும் சீட்டில் ஒரு முத்திரை குத்தினார், அதற்கப்புறம் யாரும் எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் கடிதத்தை இவர் நீட்டிய இடத்திலெல்லாம் அவரைக் கையமர்த்தி வரிசையைக் காட்டினார்கள். ஒருவர்கூட அதைப் பிரிக்கவில்லை. வேர்வையில் மை கரைந்து அந்தக் கடிதம் அவர் சட்டையிலேயே அச்சாகிவிட்டது.

ரத்தம் எடுத்தார்கள். நோய் நெஞ்சுக்குள் பரவியிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி. பெரிய பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, அதைப் பதப்படுத்தி மெல்லிசாகச் சீவிப் பூதக்கண்ணாடி போன்ற ஒன்றில் பார்ப்பார்கள். வலி எறும்புக் கடி அளவுதான். அந்த முடிவு வருகிறவரை காத்திருப்பதுதான் வலி. அந்தத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் பட்ட பயத்தை மறைக்கப்போவதில்லை. சாவுக்குப் பயந்தேன். அதைவிட, மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆள் இருக்காதே என்று பயந்தேன். மார்பு இல்லாமல் அருவியில் எப்படி நிற்பேன் என்றும் பயந்தேன். உயிர் போகிறதா இல்லையா என்று தெரியாதபோது இந்தக் கவலை எதற்கு என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நாளில் நோயைப் பற்றி நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். கூட வந்தவர் யார் என்று கேட்டு, மைனியை உள்ளே கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் அப்போது ஊருக்குப் போயிருந்தார். மைனி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசவில்லை. பையைத் திறந்து மூடினாள். மறுபடியும் பேசவில்லை. அவள் வாய் மூடியிருந்ததிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

எழுந்து நேரே டாக்டர் அறைக்குள் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும்.

"ஐயா, இது எனக்கு வந்த சீக்கு. மைனிக்கு வரலை. என்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். புற்றுதான் என்றார். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அவர் சாதாரணமாகச் சொன்னதே எனக்கு ஒரு தைரியமாக இருந்தது. மார்பையும் அதற்கு அடியில் இருக்கிற சதையையும் அக்குளில் நெறி கட்டுகிற கழலைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். நோய் முதலில் அந்தக் கழலைகளுக்குத்தான் பரவும். புண் ஆறியபின் கரண்டு வைக்க வேண்டும், அதாவது எக்ஸ்ரே கதிரைப் பலமாகச் செலுத்தி, மிச்சம் மீதி இருப்பதைச் சுட்டுவிடுவது. நெஞ்சுக்குள் பரவவில்லை, அது நல்ல செய்தி என்றார். பிழைப்பேனா என்று கேட்டேன். பிழைக்க வாய்ப்பு இருக்கும்போதே வந்திருக்கிறாய் என்றார்.

ஆபரேஷனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் சொந்தக்காரர்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருக்குத் தந்தி போயிற்று. அவர் வந்தபோது கூடவே காதர் பாயும் இறங்கினார். என் அண்ணன் வராமல் இவர் எப்படி வந்தார் என்று பார்த்தேன். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று அண்ணனுக்கு யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கும் சொன்னானுவ, ரத்தம் கொடுத்தா குதிரை ஏற முடியாதுன்னு" என்றார் காதர் பாய். "நான் என்னைக்குத் தங்கச்சி குதிரையில ஏறுனேன்? வண்டியிலதான உக்காருதேன்."

ஒரு பாட்டில் என் வீட்டுக்காரர் கொடுத்தார். இன்னொன்று காதர் பாயுடையது, அவர் ரத்தம் எனக்குச் சேர்ந்தது. கொடுத்த கையோடு ஒரு காப்பி மட்டும் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் அங்கே இரண்டு வண்டிக்கு முறை இருந்தது, அவருடையதும் எங்களுடையதும்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூக்கில் துணியை வைத்தார்கள், இனிப்பாக ஒரு நெடி, அவ்வளவுதான். விழித்தபோது நெஞ்சைச் சுற்றிப் பெரிய கட்டு, பக்கத்தில் நீர் வடிகிற ரப்பர்க் குழாய். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மைனி ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவளுக்கு ஒரு சொல் மலையாளம் தெரியாது, ஆனால் அதற்குள் வார்டு முழுவதும் சிநேகம். அடுத்த கட்டில்காரி வீட்டுக் கஞ்சியும் பயறும் எங்களுக்கு வரும், மைனியின் நார்த்தங்காய் ஊறுகாய் அங்கே போகும். கட்டுப் பிரித்த அன்று நான் குனிந்து பார்க்கவில்லை. மைனி பார்த்தாள். "சவத்த விடு, ஆறிட்டு வருதுட்டி. நல்லாத் தச்சிருக்காவ" என்றாள், ரவிக்கைத் தையலைச் சொல்வதுபோல. அதற்கப்புறம்தான் நானும் பார்த்தேன்.

ஏலியம்மா என்று ஒரு நர்ஸ். காலையில் வந்ததும் முதல் வார்த்தை, "கை பொக்கு." கையைத் தூக்கு என்று அர்த்தம். கழலைகளை எடுத்த பக்கம் தோள் இறுகிவிடும், தூக்காமல் விட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்றாள். சுவருக்கு நேரே நிற்கவைத்து, விரல்களைச் சுவரில் பல்லிபோல மேலே மேலே ஏற்றச் சொல்வாள். ஏறின இடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். நாளைக்கு அதற்கு மேலே போக வேண்டும். உயிர் போகிற வலி. அவளை நான் தமிழில் திட்டியதெல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தால் நர்ஸ் வேலையையே விட்டிருப்பாள். சிரித்துக்கொண்டே மறுபடியும், "கை பொக்கு, அம்மே" என்பாள். முதுகு தேய்க்கிற பிழைப்பு எனக்கு. அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அவள்தான்.

கரண்டு வைத்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தனியறையில் படுக்கவைப்பார்கள், மெஷின் உறுமும், முடிந்துவிடும். அப்போது வலிக்காது. போகப்போகத் தோல் கறுத்து, வெந்ததுபோல ஆயிற்று. அதில் எண்ணெய் மட்டும் வைக்கக் கூடாது என்றார்கள். எண்ணெய்க்காரிக்கு இப்படியும் ஒரு பத்தியம்.

புரட்டாசியில் ஊர் திரும்பினேன். நாங்கள் இல்லாத நாளிலேயே பேரன் பிறந்துவிட்டான், சுகப்பிரசவம். செலவு இல்லாமல் இல்லை. ரயிலுக்கும், மைனி சாப்பாட்டுக்கும், வெளியே வாங்கிய சில மருந்துகளுக்கும் ஆயிற்று. ஆனால் குதிரை லாயத்தில் நின்றது. முறைக் காசு ஒரு சவாரி விடாமல் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டில் இன்னொரு கூத்து. கொள்ளுப் பை தொங்குகிற ஆணி, விளக்கு மாட்டுகிற ஆணி, என் சீப்பு வைக்கிற பலகை எல்லாம் எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தன. எட்டிப் பிடிக்கப் பழகினால், அடுத்த வாரம் இன்னும் மேலே. கண் தெரியாமல் ஆணி அடிக்கிறீர்களா என்று நான் சத்தம் போட்டேன். இவர் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. ஒருநாள் இடது கையால் கொள்ளுப் பையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் குதிரையிடம் சொன்னார்: "பாத்தியாலே, உங்கம்மா ஏறிட்டா." ஏலியம்மா இவரிடமும் பேசியிருக்கிறாள்.

அடுத்த ஆனியில் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அருவிக்குப் போனேன். மைனி இலவம்பஞ்சு அடைத்து ஒரு பொய்மார்பு தைத்துக் கொடுத்திருந்தாள், அதை உள்ளே வைத்துக் கட்டியிருந்தேன். எண்ணெய் வாங்கினார்கள். முதுகைக் காட்டவில்லை. என் கையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பேச்சு பரவியிருந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். செண்பகம் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்ததைத்தான் தாங்கமுடியவில்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். இத்தனை வருஷம் ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவள் இப்படிச் செய்கிறாளே என்று மனசு ஆறவில்லை.

ஒருநாள் சாரல் நடுவே டாக்டரம்மா வந்தார். இந்தத் தடவை ஓரமாக உட்காரவில்லை. எல்லாப் பெண்களும் பார்க்கும்படி வழியின் நடுவில், எனக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்.

"தேய், உலகம்மா. மதுரையிலேருந்து இதுக்குத்தான் வர்றேன்."

தேய்த்தேன். கண்ணீர் அவர் தலையிலேயே விழுந்தது, எண்ணெயோடு எண்ணெயாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் என் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தார். பயந்தாங்கொள்ளி டாக்டரம்மா நடு அருவிக்குள் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீர் தலையில் விழுந்தது. இலவம்பஞ்சு ஊறி, கனத்து, மெள்ள மெள்ள இறங்கி வயிற்றுக்கு வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் அருவிச் சத்தத்துக்கு மேலே சிரித்தோம். அந்தப் பஞ்சுப் பொதியை உருவிப் பாறைமேல் எறிந்துவிட்டு, ஒற்றை மார்போடு ஈரச் சேலையில் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். தண்ணீர் முன்பு எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்தது.

அன்றைக்கு நாலைந்து பேர் முதுகைக் கொடுத்தார்கள். கூட்டம் குறைந்தபின் சேலை மாற்றுகிற மறைவில் நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது செண்பகம் வந்து நின்றாள். மாராப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உலகக்கா, எனக்கும் போன கார்த்திகையில கல்லு விழுந்துச்சுக்கா."

அவள் அருவருத்துத் தள்ளிப்போகவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன்னையே பார்த்திருக்கிறாள். இவளையா மனசுக்குள் அத்தனை வைதேன்?

"கை பொக்குட்டி" என்றேன்.

அவள் விளங்காமல் விழித்தாள். நானே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். இடது கையும் காதைத் தொட்டு நின்றது. என்னைப் பார்த்து அவளும் மெள்ளக் கைகளைத் தூக்கினாள். நான் வெளியே எட்டி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, நாளைக் கடத்தாதே என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஈரம் மாற்றிக்கொண்டு வெளியே வந்தோம். முறைப்படி முதலில் நின்றது காதர் பாயின் வண்டி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். கூலி பேசாமல் பின்கட்டையைத் தட்டி ஏறச் சொன்னார். மலையைத் தாண்டிப் போகிற ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வழியில் அவள் வீட்டில் வண்டியை நிறுத்தி, விவரத்தைச் சொல்லி, மாற்றுச்சேலை எடுத்துக்கொண்டோம். தென்காசி ஸ்டேஷன் கண்ணில் படுகிறவரை செண்பகம் என் இடது கையை விடவே இல்லை.

"யாரிட்டயாவது சிபாரிசு வாங்கணுமாக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்ட்டி" என்றேன். "வரிசையில நின்னாப் போதும். நான் கூட நிக்கேன்."